விளக்கு அறியாத வண்டி

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கல்லூரியில் லீவு பெற்றுக்கொண்டு, அமெரிக்காவிலே வேர்ஜீனியா மாநிலத்தில் வாழும் எமது தம்பியின் வீட்டிலே மூன்று வாரம் தங்கியிருந்தோம். ஊரைவிட்டுப் போய் இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவன் பெரிதும் மாறியிருக்கவில்லை. தலை நரைத்திருந்தது, பேச்சுக் குறைந்திருந்தது, மோட்டார் சைக்கிளின் மீதிருந்த ஆசை மட்டும் அப்படியே இருந்தது. அந்நாட்டிலே மோட்டார் சைக்கிளை விடுமுறை நாட்களில் மட்டும் வெளியே எடுப்போர் பலர். எமது தம்பியோ அதிலேதான் நாள்தோறும் வேலைக்குப் போய்வந்தான். வீட்டிலிருந்த ஒரே கார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு ஏற்றிச் செல்வதற்கும் மனைவி வேலைக்குப் போவதற்கும் வேண்டியிருந்தது.

அவனுக்கு ஒரு பேக்கரியிலே வேலை. விடியற்காலை நாலரை மணிக்குப் போறணைக்கு முன்னால் நிற்க வேண்டும். பகலும் இரவும் மாறிப்போன எமக்கோ, அங்கு சென்ற முதல் வாரம் முழுவதும் உறக்கம் பிடிக்கவில்லை. "நித்திரை வராவிட்டால் என்னோடு வாருங்கள், அண்ணை, பாண் போடுவதைப் பார்க்கலாம். முதலாளியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்" என்று அவன் ஒருநாள் அழைத்தான். நாமும் தலைக்கவசம் அணிந்துகொண்டு பின்னால் ஏறியமர்ந்தோம். மணி அப்பொழுது நான்கு.

அவனுடைய குடியிருப்பிலிருந்து வரும் சிறிய வீதி, சிறிது தூரத்தில் ஒரு பெருந்தெருவைச் சந்திக்கின்றது. அச்சந்தியிலே சமிக்ஞை விளக்கு உண்டு. நாம் சென்றபோது எமக்குச் சிவப்பும் பெருந்தெருவுக்குப் பச்சையும் எரிந்துகொண்டிருந்தன. தம்பி வண்டியை வெள்ளைக் கோட்டின் முன்னே நிறுத்தினான். பெருந்தெருவிலே ஒரு வாகனமும் இல்லை. ஒரு நிமிடம் சென்றது; இரண்டு நிமிடங்கள் சென்றன. யாருமற்ற தெருவுக்குப் பச்சை எரிந்துகொண்டேயிருக்க, காத்திருந்த எமக்குச் சிவப்பு மாறவேயில்லை.

"விளக்குப் பழுதோ?" என்று கேட்டோம்.

"பழுதில்லை, அண்ணை. அதற்கு எங்களைத் தெரியாது. பின்னால் ஒரு கார் வந்தால் மாறும்" என்றான் அவன்.

நான்காவது நிமிடமளவில் எமக்குப் பின்னே ஒரு கார் வந்து நின்றது. சிறிது நேரத்திற்குள் பச்சை எரிந்தது. "இன்றைக்குக் கெதியாக வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே தம்பி வண்டியைச் செலுத்தினான். அவனுடைய குரலிலே கோபமில்லை, முறைப்பாடும் இல்லை. மழை பெய்கின்றது, வெயில் எறிக்கின்றது என்று சொல்வதுபோல அதனைச் சொன்னான். அதுவே எமது மனத்தை உறுத்தியது.

பேக்கரியில் முதற் போறணைப் பாண் வெளியே வந்த பின்னர், தேநீர் அருந்தும்போது அதனைப் பற்றி விசாரித்தோம். வீட்டிலிருந்து பேக்கரிக்குக் கால் மணி நேரப் பயணந்தான். ஆனால், அந்த ஒரு விளக்கிற்காக அவன் நாள்தோறும் கால் மணி நேரம் முந்திப் புறப்படுகின்றான். அந்த வீட்டிற்குக் குடிவந்த நாள்முதல், ஆறு ஆண்டுகளாக இது நடந்துவருகின்றது.

"ஒருவருமில்லாத தெரு. இரு பக்கமும் பார்த்துக் கடந்து போனால்தான் என்ன?" என்றோம். அவ்வாறு போவது குற்றமென்பது எமக்குத் தெரியாததன்று. மாணவர்க்கு ஒழுக்கம் கற்பிக்கும் நாமே அதனைச் சொல்லிவிட்டோம்.

தம்பி கோப்பையைக் கீழே வைத்தான். "சைகை இல்லாமல் நகர்ந்து எனக்குப் பழக்கமில்லை, அண்ணை" என்றான்.

அவன் சொன்னது எதனை என்பதை நாம் உடனே அறிந்தோம். 1998ஆம் ஆண்டு. அவனுக்கு அப்பொழுது பதினெட்டு வயது. நாம் இருவரும் ரியூசனுக்கும் கடைக்குமாகச் சைக்கிளிலே போய்வந்த வீதியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே சைக்கிளை விட்டிறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, கை காட்டிய பின்னரே அப்பால் செல்ல வேண்டும். ஒருநாள், முன்னே நின்ற ஒருவருக்குக் காட்டிய சைகையைத் தனக்கென்று எண்ணி அவன் இரண்டடி எடுத்து வைத்துவிட்டான். அதட்டல் ஒன்று கேட்டது. பின்னர் நண்பகல் வெயிலிலே சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மணி நேரத்திற்கு மேலாக அவன் நிற்க நேர்ந்தது. அன்று வேறொன்றும் நடக்கவில்லை. அதனையே பாக்கியமாக எண்ணி வீடு திரும்பினோம். அந்த நாளை நாம் மறந்துவிட்டோம் என்றே நினைத்திருந்தோம். அவனுடைய கால்கள் அதனை மறக்கவில்லை.

அன்று பகல் முழுவதும் அந்த விளக்கைப் பற்றியே சிந்தித்தோம். இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பிக்கும் நாம், அவ்விளக்கு வண்டிகளை எப்படி அறிகின்றது என்று எம்மையே கேட்டுக்கொண்டபோது, "பாரத்தைக் கொண்டு" என்ற விடையே முதலில் மனத்தில் எழுந்தது. கார் பாரமானது, மோட்டார் சைக்கிள் இலேசானது, ஆகவே வீதி அதனை உணரவில்லை. தம்பியும் அவ்வாறே எண்ணியிருந்தான். எம்மைப் பின்னால் ஏற்றிச் சென்றால் பாரம் கூடி விளக்கு மாறக்கூடும் என்றும் அவன் நினைத்தானாம்! இந்த எண்ணம் பிழையானது. ஆயினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

வீதிச் சமிக்ஞை விளக்கு முதன்முதலில் 1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே இலண்டன் மாநகரில், பாராளுமன்றத்தின் அருகே நாட்டப்பட்டது. புகையிரதப் பகுதிப் பொறியியலாளரான ஜே. பி. நைட் என்பவர் அதனை அமைத்தார். இரவிலே வாயுவினால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பொலிஸ்காரர் ஒருவர் கையினால் மாற்றுவார். அடுத்த மாதமே வாயு கசிந்து அது வெடித்தது. காவல் நின்ற பொலிஸ்காரர் காயமடைந்தார். பின்னர் 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே மின்விளக்குகள் வந்தன. அவற்றையும் ஒரு மனிதரே ஆளியைத் திருப்பி மாற்றினார். மாற்றுபவன் மனிதனாக இருந்தவரையில், காரையும் குதிரை வண்டியையும் சைக்கிளையும் காண்பதற்கு இரண்டு கண்கள் அங்கே இருந்தன. மனிதன் அவ்விடத்தைவிட்டு நீங்கியபோது, கண்ணுக்குப் பதிலாக வேறொன்று தேவைப்பட்டது.

அத்தேவையை நிறைவேற்ற எழுந்த முதல் முயற்சிகளில் ஒன்று மிக வேடிக்கையானது. வேர்ஜீனியாவின் அயல் மாநிலமான மேரிலாந்திலே, பால்டிமோர் நகரில், 1928ஆம் ஆண்டு சாள்ஸ் அட்லர் என்பவர் ஒலியைக் கேட்கும் விளக்கு ஒன்றை அமைத்தார். பக்க வீதியிலிருந்து வருபவர் தமது வண்டியின் ஹோர்னை அடிக்க வேண்டும். அதனைக் கேட்டு விளக்கு மாறும். "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று எமது முதியோர் சொல்வார்கள். அப்பழமொழியை இயந்திரமாகச் செய்து வீதியிலே நிறுத்திவைத்தது போன்றது அது. அதன் பின்னர், வீதியிலே பதித்த தகடுகளைச் சக்கரம் அழுத்தும்போது விளக்கு மாறும் முறை வந்தது. அங்கே பாரத்திற்கு உண்மையாகவே வேலை இருந்தது. எமது பிழையான எண்ணத்திற்கு அதுவே மூலம். ஆனால் 1960களிலிருந்து அம்முறையின் இடத்தைக் கம்பிச் சுருள்கள் பிடித்துக்கொண்டன. தம்பியின் சந்தியிலும் இருந்தது அதுவே.

மாலையிலே தம்பியையும் அவனுடைய மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு நடந்து சென்று பார்த்தோம். எமது பெறாமகளுக்குப் பதினைந்து வயது, படிப்பிலே கெட்டிக்காரி. வெள்ளைக் கோட்டிற்குப் பின்னே, தார்வீதியின்மேல், நீண்ட சதுர வடிவிலே மெல்லிய வெட்டுக் கோடுகள் தெரிந்தன. வாளினால் அறுத்து, உள்ளே கம்பியை வைத்து, மேலே கரிய பசையினால் மூடியிருந்தார்கள். ஆறு ஆண்டுகளாகத் தம்பி அதன்மேல் வண்டியை நிறுத்தியிருக்கின்றான். வீதியைத் திருத்திய அடையாளம் என்றே அதனை நினைத்திருக்கின்றான். "நீ வழக்கமாக எங்கே நிற்பாய்?" என்று கேட்டோம். அவன் சதுரத்தின் சரி நடுவைக் காட்டினான்.

அப்பொழுதே விடை விளங்கியது. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவரும் பாடம் எமது காலடியிலே கிடந்தது.

மாணவர்களுக்காக அதனைச் சிறிது விரித்துச் சொல்வோம். மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. வீதியின் அடியிலுள்ள கம்பி சில சுற்றுக்கள் கொண்ட ஒரு சுருள். அதிலே செக்கனுக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கின்றது. ஆகவே அதனைச் சூழ மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப்புலம் உண்டு. அப்புலத்தினுள்ளே உலோகம் வந்தால், உலோகத்தினுள் நீர்ச்சுழிபோலச் சுற்றும் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தம்மைத் தோற்றுவித்த புலத்தையே எதிர்க்கின்றன. அதனால் சுருளின் தூண்டற்றிறன் சிறிது குறைகின்றது. மீடிறன் சிறிது கூடுகின்றது. சந்தியின் ஓரத்திலுள்ள பெட்டி அம்மாற்றத்தைக் கண்டு, "இங்கே ஒருவர் நிற்கின்றார்" என்று முடிவு செய்கின்றது. பாரத்திற்கு இங்கே வேலையேயில்லை. இரும்புதான் வேண்டுமென்பதும் இல்லை; அலுமினியமும் போதும்.

அப்படியாயின் மோட்டார் சைக்கிளிலும் உலோகம் நிறைய உண்டே. அதனை ஏன் காணவில்லை? இதற்கு நாம் பெறாமகளுக்குச் சொன்ன உவமையையே இங்கும் சொல்கின்றோம். மழை நேராகக் கீழே பெய்யும்போது ஒரு சுளகைக் கிடையாகப் பிடித்தால் துளிகள் எல்லாம் அதன்மேல் விழும். அதே சுளகைச் செங்குத்தாகப் பிடித்தால், விளிம்பிலே சில துளிகள் மட்டும் படும். சுருளின் நடுவிலே காந்தப்புலம் மழைபோல மேலும் கீழுமாகச் செல்கின்றது. காரின் அகன்ற அடிப்பாகம் கிடையாகப் பிடித்த சுளகு. மோட்டார் சைக்கிளோ செங்குத்தாகப் பிடித்த சுளகு. நடுவிலே நின்றால் புலம் அதனைத் தொட்டும் தொடாமலும் போய்விடும். ஆனால் கம்பிக்கு நேர் மேலே புலம் பக்கவாட்டில் வளைந்து செல்கின்றது, சாரல் மழையாகிவிடுகின்றது. அங்கே கம்பியின் வழியே வண்டியை நிறுத்தினால், நிமிர்ந்து நிற்கும் சக்கரங்களின் ஊடாகப் புலம் குறுக்கே பாயும். அப்பொழுது விளக்கு அவ்வண்டியை அறிவதற்கு வாய்ப்பு மிகக் கூடுதலாகும்.

நடுவிலே ஒழுங்காக நின்றவனுக்குப் பச்சை கிடைக்கவில்லை. ஓரத்திலே கோட்டின்மேல் நின்றிருந்தால் கிடைத்திருக்கும். இதனை அவனுக்குச் சொல்வார் யாருமில்லை. சில இடங்களிலே, சைக்கிளோட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டச் சிறிய சைக்கிள் உருவத்தை வீதியில் வரைந்து வைப்பதுண்டு. அச்சந்தியிலே அதுவும் இல்லை.

மோட்டார் சைக்கிளோட்டிகள் இந்த இடர்ப்பாட்டிற்குக் கைக்கொள்ளும் பரிகாரங்களைப் பெறாமகள் அன்றிரவு தேடிப் படித்துச் சொன்னாள். சிலர் எஞ்சினை உறுமச் செய்கின்றனர். சிலர் முன்விளக்கை அணைத்து அணைத்து எரிக்கின்றனர். சுருள் ஒலியைக் கேட்பதுமில்லை, ஒளியைக் காண்பதுமில்லை. ஆகையால் இவற்றாற் பயனில்லை. வண்டியின் அடியிலே ஒட்டுவதற்கென்று காந்தத் துண்டுகளும் விற்கப்படுகின்றன. சுருள் தேடுவது மின்னைக் கடத்தும் உலோகத்தையே. ஆதலால் சிறு காந்தம் ஒன்றினால் ஆவது அற்பமே. வெட்டுக் கோட்டின்மேல் நிற்பதும், சிலவேளை உலோகப் பக்க ஸ்ராண்டை அக்கோட்டின்மேல் இறக்கி வைப்பதுமே ஓரளவு பயன் தரக்கூடியவை.

குற்றம் முழுவதும் பொறியியலாளர் மேலதென்று சொல்வதும் நியாயமாகாது. பெட்டியிலுள்ள உணர்திறனை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் முடியும். மிகக் கூட்டிவிட்டால், பக்கத்து நிரையிலே செல்லும் பெரிய லொறியையும் அது தன்மேல் நிற்பதாக எண்ணிக்கொள்ளும். இல்லாத வண்டிக்குப் பச்சை எரியும். இருக்கும் வண்டிகள் வீணே நிற்கும். ஆகவே வேலையாட்கள், பெரும்பாலானவர்க்குப் பொருந்தும் அளவிலே அதனைத் திருப்பிவிட்டுப் போகின்றனர். அந்தப் பெரும்பாலானவர் காரிலே செல்வோர். சுருளை நடுவிலும் ஒரு கம்பி வருமாறு, இரட்டைச் சதுரமாகப் பதித்தால் நடுவில் நிற்கும் சைக்கிளும் தெரியும். பக்கத்து நிரை அவ்வளவாகத் தெரியாது. வழியில்லாத காரியமன்று, நினைத்துச் செய்ய வேண்டிய காரியம். இன்று பல சந்திகளில் சுருளுக்குப் பதிலாகக் கமராவும் ராடாரும் வைக்கின்றனர். அவற்றையும் சிறிய வண்டிகளை மனத்திற்கொண்டு பொருத்தினாலொழிய, கமராவும் மூடுபனியிலும் எதிர்வெயிலிலும் தடுமாறக்கூடியதே.

அவ்விரவிலேயே பெறாமகள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். இவ்வாறு விளக்கு அறியாமற் போனவர்க்கு வழிவிடும் சட்டங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உண்டு. மினசோட்டா மாநிலம் 2002ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டத்தை இயற்றியது. கலிபோர்னியா 2007ஆம் ஆண்டில் வேறொரு வழியை மேற்கொண்டு, புதிதாக அமைக்கும் விளக்குகளும் மாற்றியமைக்கும் விளக்குகளும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் அறியக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என்று சட்டஞ்செய்தது. வேர்ஜீனியாவிலோ, 2011ஆம் ஆண்டு முதல், மோட்டார் சைக்கிளிலோ சைக்கிளிலோ வருபவர் முற்றாக நிறுத்தி, விளக்கின் இரண்டு முழுச் சுற்றுக்களோ 120 செக்கன்களோ, இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவரை காத்திருந்து, ஏனைய வாகனங்களுக்கு இடம் விட்டு, அவதானமாகச் சிவப்பைக் கடந்து செல்லலாம்.

"அப்பா, நீங்கள் இந்த வீட்டுக்கு வர முந்தியே இந்தச் சட்டம் இருந்திருக்கிறது" என்றாள் அவள்.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "சட்டம் இடங்கொடுத்தாலும் கால் இடங்கொடுக்காதே, மகள்" என்றான். சிறிது நேரங்கழித்து எம்மைப் பார்த்து, "சிவப்பிலே போகலாம் என்று சொல்கிறார்கள். எனக்குப் பச்சை அல்லவோ வேண்டும்?" என்றான்.

அவன் சொன்னது எத்துணை நியாயம் என்பதை நாம் அன்றிரவு படுக்கையிலே எண்ணிப் பார்த்தோம். உன்னைக் காணாவிட்டால் நீயாகவே பார்த்துப் போ என்று சொல்வதும் ஒரு சலுகையே; இல்லாததற்கு அது மேல். ஆனால், காரில் வந்தவனுக்குக் கேளாமலே கிடைக்கும் பச்சையை, அவனைப் போலவே வரி கொடுத்து, அவனைப் போலவே அனுமதிப்பத்திரம் வைத்திருந்து, அவனைவிடப் பொறுமையாகக் காத்திருப்பவன் ஏன் பெறலாகாது? நாள்தோறும் முன்பின் தெரியாத ஒருவரின் கார் பின்னால் வந்து தனக்கு வழி வாங்கித் தருமென்று பார்த்திருப்பது ஒரு மனிதனுக்கு அழகாகுமா?

மறுநாட் காலையிலும் நாமே பின்னால் அமர்ந்தோம். தம்பி வண்டியை மெதுவாக ஓரத்து வெட்டுக் கோட்டின்மேல் கொண்டுவந்து, இரு சக்கரங்களும் கோட்டிலே பொருந்த நிறுத்தினான். நாம் மனத்துக்குள்ளே எண்ணத் தொடங்கினோம். முப்பது வரை எண்ணியிருப்போம், பெருந்தெருவின் பச்சை மஞ்சளாகியது, பின்னர் சிவப்பாகியது. எமக்குப் பச்சை எரிந்தது. பின்னால் ஒரு காரும் இல்லை.

தம்பி உடனே புறப்படவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்தி, அந்தப் பச்சையை ஒரு கணம் பார்த்தான். "போ, தம்பி; மாறிவிடும்" என்று நாமே சொல்ல வேண்டியிருந்தது.

அதனோடு விட்டுவிட எமக்கு மனம் வரவில்லை. ஈரமான நாளில் கோடு தெரியாது. பனிகாலத்தில் எல்லாம் மூடிவிடும். வீதிக்குப் பொறுப்பான பகுதியினருக்கு எழுது என்றோம். "நான் என்னவென்று எழுதுவது? ஆயிரம் கார் போகிற இடத்தில் எனக்கொருவனுக்காகவா?" என்று அவன் தயங்கினான். அவன் அந்நாட்டுப் பிரசையாகிப் பல ஆண்டுகளாயின. பெறாமகள் தாளை எடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தாள். சந்தியின் பெயர், நேரம், நிற்கும் இடம், காத்திருந்த நிமிடங்கள் என்பனவற்றை மட்டும் எழுதினாள். குறை கூறும் சொல் ஒன்றும் எழுதவில்லை. தம்பி கையொப்பமிட்டான். இதுவே மூன்று வாரத்திலே நாம் அங்கு செய்த காரியங்களுள் உருப்படியானது.

ஊருக்குத் திரும்பினோம். எமது நாட்டிலே பதிவான வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. நாம் கொழும்பிலே கண்ட விளக்குகளும் பெரும்பாலும் நேரக் கணக்கிற்கு மாறுவன. செக்கன்களை எண்ணிக் காட்டுவனவும் உண்டு. காரென்றும் சைக்கிளென்றும் அவற்றிற்குப் பேதமில்லை. ஆளில்லாவிட்டாலும் மாறும், ஆளிருந்தாலும் மாறும். ஆகவே தம்பியின் சந்தி எமக்கு எட்டாத தொலைவிலுள்ள விடயம் என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் ஐப்பசி மாதம் வரையிலேதான் நிலைத்தது.

உயர்தர வகுப்பு மாணவரின் குறிப்புப் புத்தகங்களை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்திக்கொண்டிருந்தோம். கடைசிக்கு முந்திய வாங்கில் இருக்கும் ஒரு மாணவனின் புத்தகம் வந்தது. ஒழுங்கானவன், நேரந் தவறாதவன், வகுப்பிலே அவனுடைய குரலை நாம் கேட்டதாக நினைவில்லை. வட்ட இயக்கம் பற்றிய பாடத்தின் ஓரத்திலே, பென்சிலால் மிகச் சிறிய எழுத்தில், "சேரிடம் கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. சில பக்கங்கள் தள்ளி மீண்டும் அவ்வாறே. புத்தகம் முழுவதிலும் ஐந்து இடங்களிற் கண்டோம். முதலாவது குறிப்பு எழுதிய பாடம் மாசி மாதத்தில் நடந்தது.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து, "ஏன் கேட்கவில்லை?" என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பின்னர் மெல்லச் சொன்னான்: "நீங்கள் விளங்கிச்சுதா என்று கேட்டவுடனே முன்வாங்கில் இருப்பவர்கள் ஓம் என்று சொல்லிவிடுவார்கள், சேர். நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். வேறு யாராவது அதே கேள்வியைக் கேட்டால் எனக்கும் விளங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

எமக்கு அந்த விடியற்காலைச் சந்தி நினைவுக்கு வந்தது. பின்னால் ஒரு கார் வரவேண்டும் என்று அவனும் எட்டு மாதம் காத்திருந்தான். விளக்கையும் அதனை அமைத்தோரையும் குறைகூறிய நாமே, நாற்பது பேர் கொண்ட வகுப்பிலே, முன்வாங்கின் ஒலிக்கு மட்டும் மாறும் விளக்காக நின்றிருக்கின்றோம். "கேட்டாலன்றோ சொல்லலாம்" என்று ஆசிரியர்கள் நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். அது பால்டிமோர் நகரத்து விளக்கு, ஹோர்ன் அடித்தால் மாறுகின்றேன் என்று சொல்வது போன்றது. எல்லாப் பிள்ளைகளிடமும் ஹோர்ன் இல்லை.

இப்பொழுது ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கடைசி ஐந்து நிமிடங்களை ஒதுக்கி, எல்லாரும் ஒரு சிறு தாளில் தமக்கு விளங்காத ஒன்றை எழுதித் தரும்படி செய்கின்றோம். பெயர் எழுத வேண்டியதில்லை. முதல்நாள் வந்த தாள்களைப் படித்தபோது, விளங்கிவிட்டது என்று வழக்கமாக முந்திச் சொல்பவர்களுக்கும் பல விடயங்கள் விளங்கியிருக்கவில்லை என்பது தெரிந்தது. அதற்கென்று ஐந்து நிமிடங்கள் போகின்றன. பாடத்திட்டம் சிறிது பின்தங்குகின்றது. வீண் கேள்விகளும் வருகின்றன. உணர்திறனைக் கூட்டினால் அவ்வாறு ஆவது இயல்பே. அந்த மாணவன் இன்னும் வகுப்பிலே கையுயர்த்துவதில்லை. ஆனால் அவனுடைய சிறிய எழுத்தை நாம் தாள்களிடையே அடையாளங் காண்கின்றோம்.

தைப்பொங்கலன்று தம்பி ரெலிபோனில் பேசினான். வீதிப் பகுதியிலிருந்து ஒருவர் வந்து, சந்தியோரப் பெட்டியைத் திறந்து எதனையோ திருப்பிவிட்டுப் போனாராம். இப்பொழுது நடுவில் நின்றாலும் ஓரத்தில் நின்றாலும் விளக்கு மாறுகின்றதாம். மகள் எழுதிய கடிதத்திற்கு இரண்டு வரியிற் பதிலும் வந்ததாம். அதனை அவன் பத்திரமாக வைத்திருக்கின்றானாம்.

"அப்படியானால் இனிக் கால் மணி நேரம் கூடுதலாக உறங்கலாமே!" என்றோம்.

"இல்லை, அண்ணை. நான் இன்னும் நாலு மணிக்குத்தான் வெளிக்கிடுகிறேன்" என்றான்.

"ஏன்?"

சிறிது நேரம் மறுமுனையிலே ஓசையில்லை. "ஒருநாள் அது மறந்துவிட்டால்?" என்றான் தம்பி.